வாடகைக் கேமராவும் நான் போட்ட டிக்கும்

முப்பத்துமூன்று ஆண்டு அரசுப் பணியில் நான் என் கையாலேயே செய்த பெரிய நாசம் ஒரு டிக் குறி. வேறு யாராவது அதைப் போட்டிருந்தால் அன்றே மெமோ கொடுத்திருப்பேன். போட்டவன் நானாக இருந்ததால் இத்தனை காலம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று இப்போது எழுதுகிறேன். எந்தத் துறை என்று மட்டும் கேட்காதீர்கள். பென்ஷன் இன்னும் ஒழுங்காக வந்துகொண்டிருக்கிறது.

1. காலியாக இருந்த சதுரம்

எண்பதுகளின் நடுவில் திருவண்ணாமலையில் ஓர் உட்கோட்ட அலுவலகத்தில் நான் தலைமை எழுத்தர். எங்களுக்கு மேலதிகாரம் எல்லாம் அப்போது வேலூரில். இங்கிருந்து போகும் கோப்பு எதுவானாலும் ஏதாவது ஒரு குறையைச் சுமந்துகொண்டு அங்கிருந்து திரும்பி வரும். என் கோப்புகள் மட்டும் அப்படித் திரும்பி வராது என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரைப் பரப்பியதில் என் பங்கும் உண்டு.

எங்கள் டவாலி பொன்னுசாமி அந்த ஆண்டு மார்ச் கடைசியில் ஓய்வு பெற வேண்டும். தோளில் குறுக்காகச் சிவப்புப் பட்டை போட்டுக்கொண்டு அதிகாரியின் அறை வாசலில் நிற்பவரை டவாலி என்போம். கீழ்பென்னாத்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து அலுவலகத்தைத் திறப்பவர் அவர்தான். அவருடைய ஓய்வூதியக் கருத்துருவை நான் ஆறு மாதம் முன்பே தயார் செய்துவிட்டேன். பணிப்பதிவேடு சரிபார்த்தாயிற்று. விடுப்புக் கணக்கு முடித்தாயிற்று. எல்லாப் பக்கத்திலும் முத்திரை நேராக விழுந்திருந்தது. ஒரே ஒரு பக்கத்தில், கணவனும் மனைவியும் சேர்ந்திருக்கும் புகைப்படத்தை ஒட்ட வேண்டிய சதுரம் மட்டும் காலி.

அந்தப் படம் அலங்காரத்துக்கு அல்ல. கணவர் காலமான பிறகு கருவூலத்தில் அந்த முகத்தைப் பார்த்துத்தான் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் கொடுப்பார்கள். படம் இல்லாத கோப்பு வேலூரில் ஒரு மேசையைவிட்டு இன்னொரு மேசைக்கு நகராது. பொன்னுசாமிக்கு முந்தின வருடம்தான் நெஞ்சுவலி ஒருமுறை வந்து போயிருந்தது. அவருக்கு ஏதாவது ஆனால், தான் இன்னாருடைய மனைவி என்று நிரூபிக்கப் பச்சையம்மாள் தாலுகா ஆபீசுக்கும் வேலூருக்கும் அலைய வேண்டும்.

தடை என்னவென்றால், பொன்னுசாமியும் பச்சையம்மாளும் பேசிக்கொள்வதில்லை. ஒரே வீடு, ஒரே அடுப்பு, பதினோரு வருடமாகப் பேச்சு இல்லை. காரணம் அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. வேர்க்கடலை வாங்க அவர் வீட்டுக்குப் போன எங்கள் டிராஃப்ட்ஸ்மேன் சுந்தரம் வந்து சொன்னதுதான் எங்களுக்குக் கிடைத்த ஒரே தகவல். வாசலில் ஓர் ஆடு கட்டியிருக்கிறதாம். சோறு போட்டாயிற்று என்று பச்சையம்மாள் ஆட்டிடம் சொல்வாராம். பசியில்லை என்று இவரும் ஆட்டிடம் சொல்வாராம்.

ஸ்டுடியோவுக்கு இரண்டு முறை பச்சையம்மாளைப் பொன்னுசாமி வரவழைத்திருக்கிறார், ஆட்டின் மூலமாகத்தான். முதல் முறை அவர் ஸ்டுடியோ படியேறி, கணவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு அப்படியே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிட்டார். இரண்டாம் முறை படியே ஏறவில்லை. இந்தாளு செத்தப்புறம் வர்ற பணத்துக்கு இப்பவே போஸ் குடுக்கணுமா என்று வாசலில் நின்று தெருவிடம் கேட்டாராம்.

நான் பொன்னுசாமியை உட்காரவைத்து விதியை எடுத்துப் படித்துக் காட்டினேன். உட்பிரிவோடு. முழுவதும் பொறுமையாகக் கேட்டார்.

"ரூலு எனக்குத் தெரியுதுங்கய்யா. அவளுக்கில்ல தெரியணும். நீங்க வேணா ஒருதபா எங்கூட்டு ஆட்டுகிட்ட படிச்சிக் காட்டுங்க."

2. மூன்று விலைப்புள்ளி

அலுவலக மனமகிழ் மன்றத்துக்கும் நான்தான் செயலர். வேறு யாரும் கேட்காத பதவி. அந்த மார்ச் மாதம் குடும்பத்தோடு ஒருநாள் பயணம் என்று முடிவாயிற்று. சென்னைக்குத் தெற்கே கடற்கரையோரம் ராட்டினமும் சறுக்கு மரமும் பொம்மை ரயிலுமாக ஒரு பூங்கா புதிதாக வந்திருந்தது. இப்போது தீம் பார்க் என்கிறார்கள். என் சுற்றறிக்கையில் 'கேளிக்கைப் பூங்கா' என்று எழுதினேன். அதைப் படித்துவிட்டு இரண்டு பேர் பெயரைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

பச்சையம்மாள் கடலைப் பார்த்ததில்லை. அதனால் வர ஒப்புக்கொண்டார். சுந்தரமும் நானும் ஒரு திட்டம் போட்டோம். நல்ல கேமரா ஒன்றை வாடகைக்கு எடுப்பது. எல்லோரையும் எடுப்பதுபோல் எடுத்து, அதில் இவர்கள் இருவரையும் ஒரே படத்தில் கொண்டுவந்துவிடுவது. சுந்தரத்துக்குக் கேமரா நன்றாகக் கையாளத் தெரியும். எனக்கு வாடகைக்கு எடுப்பது எப்படி என்று தெரியும். அதாவது, தெரியும் என்று நினைத்திருந்தேன்.

ஊரில் கேமரா வாடகைக்கு விட்டவர் தேரடித் தெரு பாய் ஒருவர்தான். தீபத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போதே அவரிடம் இருப்பதெல்லாம் பதிவாகிவிடும். மார்ச்சில் சும்மா இருந்தார். நான் போனதும் உட்காரச் சொல்லி, எடுக்கப்போவது வெயிலிலா நிழலிலா, கூட்டம் தெரிய வேண்டுமா முகம் தெரிய வேண்டுமா என்று விசாரித்தார். கேட்க வேண்டிய கேள்விகள் அவைதான். அதெல்லாம் பிறகு, முதலில் எழுத்துமூலம் மூன்று விலைப்புள்ளி வேண்டும் என்றேன்.

"ஊர்ல வாடகைக்கு உடறதே நான் ஒருத்தன்தானே சார்?"

"விதிப்படி மூணு வேணும் பாய்."

மறுநாள் மூன்று ஸ்டுடியோக்களின் லெட்டர்ஹெட்டில் மூன்று விலைப்புள்ளிகள் என் மேசைக்கு வந்தன. மூன்றிலும் ஒரே கையெழுத்து, ஒரே பச்சை மை. நான் மகிழ்ச்சியோடு மூன்றுக்கும் வரிசை எண் போட்டு ஒப்பீட்டுப் பட்டியல் தயாரித்தேன்.

மூன்று தாளுக்கும் உரிய மூன்று கேமராக்களும் பாயின் கண்ணாடி மேசையில்தான் இருந்தன. முதலாவது பெட்டிக் கேமரா. பன்னிரண்டு படம். ஒரு பொத்தானை அழுத்துவதைத் தவிர வேறு வேலை கிடையாது. இரண்டாவது, மேலேயிருந்து குனிந்து பார்க்கும் இரட்டை லென்ஸ் கேமரா. அதுவும் பன்னிரண்டு. மூன்றாவது, ஆசிரமம் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குப் போகும்போது பாயிடம் விற்றுவிட்டுப் போன முப்பத்தைந்து எம்எம் கேமரா. தோல் உறையோடு, கறுப்பும் வெள்ளியுமாக மின்னியது. முப்பத்தாறு படம், அதுவும் கலரில்.

"பெட்டிய எடுத்துக்கங்க சார்," என்றார் பாய். "ஃபிலிமு கூடவே பேப்பரும் சுத்திக்கினு வரும். தப்பு பண்ணாலும் ஜாஸ்தி கெடாது. இது நல்ல சாமான்தான், இல்லேங்கல. ஆனா பழகின கைக்கு."

"எங்க டிராஃப்ட்ஸ்மேன் பழகின கைதான்."

"அவரு கையப் பத்திப் பயமில்ல சார்," என்று சொல்லிவிட்டு என் கையிலிருந்த படிவக் கட்டைப் பார்த்தார்.

குறைந்த விலைப்புள்ளியைத் தள்ளினால் காரணம் எழுத வேண்டும். 'முப்பத்தாறு என்பது பன்னிரண்டின் மும்மடங்கு ஆதலால்' என்று எழுதி மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தேன். உண்மையான காரணம் அந்தத் தோல் உறை. அதைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கும் என்னை நானே ஏற்கெனவே பார்த்துவிட்டேன்.

கேமராவைப் பெற்றுக்கொண்டபோது பாய் சுந்தரத்திடம் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். ரோல் முடிந்ததும் என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்று. அது இயக்குபவர் சம்பந்தப்பட்ட விஷயம். நான் பொறுப்பாளர். வாடகைப் பொருள் ஒப்படைப்புப் படிவத்தில் தோல் உறையின் பித்தளைக் கொக்கிகளை எண்ணிக் குறித்துக்கொண்டிருந்தேன்.

3. நான்காவது வரி

பஸ்ஸில் பச்சையம்மாள் முன்வரிசையில், பொன்னுசாமி கடைசி வரிசையில். பூங்காவில் கடலைப் பார்த்ததும் பச்சையம்மாள் அரை மணி நேரம் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. கணவர் பத்தடி பின்னால் நின்றார். சுந்தரம் அதையும் ஒரு படம் எடுத்தார். அதில் இரண்டு முதுகுகள்தான் தெரியும். வேலூர் ஒப்புக்கொள்ளாது என்றேன்.

வெயிலில் ராட்டினம், சறுக்கு மரம், புளிச்சோறு, மறுபடியும் ராட்டினம். நான்கு மணி வாக்கில் இருவரையும் ஒரு சிமென்ட் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டோம். ஆளுக்கொரு முனையில். சுந்தரம் பின்னால் போய்ப் போய்ப் பார்த்தார். இருவரும் படச்சட்டத்துக்குள் வரும்போது முகம் சுண்டைக்காய் அளவு. அப்போது எங்கள் உதவிப் பொறியாளர் அந்தப் பக்கம் வந்தார். சிரிக்காமல் கிண்டல் செய்கிறவர்.

"என்னய்யா பொன்னுசாமி, நடுவுல இவ்ளோ எடம் உட்டுவெச்சிருக்கே. எனக்கா?"

அதிகாரி நிஜமாகவே வந்து உட்கார்ந்துவிடுவார் என்று பயந்து பொன்னுசாமி மனைவி பக்கம் நகர்ந்தார். பச்சையம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். முந்தானை இறங்கிய நேரம் பார்த்து சுந்தரம் மூன்று முறை அழுத்தினார். இரண்டு முகமும் சட்டம் நிறைய, அருமையாக விழுந்திருக்கிறது என்றார். எனக்கு அந்தச் சதுரம் நிரம்பியது கண்ணுக்கே தெரிந்தது.

ரோலில் இன்னும் ஆறு படம் மீதி இருந்தது. நாளைக்கு அலுவலக வாசலில் எல்லோரையும் நிற்கவைத்து எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லி, கேமராவை என்னிடம் கொடுத்துவிட்டு சுந்தரம் முகம் கழுவப் போனார்.

இங்கே நடைமுறை என்ன? பொருள் கைமாறும்போது பெறுபவர் நேரில் சரிபார்த்த பிறகே ஒப்பமிட வேண்டும். படிவத்தை எடுத்தேன். ஒன்று, கேமரா: இருந்தது, டிக். இரண்டு, லென்ஸ் மூடி: டிக். மூன்று, தோல் உறை: கொக்கிகளை எண்ணினேன், டிக். நான்கு, ஃபிலிம் ரோல், எண்ணிக்கை ஒன்று, கேமராவின் உள்ளே.

உள்ளே இருப்பதைப் பார்க்காமல் எப்படி டிக் போடுவது? பக்கவாட்டில் ஒரு சிறிய குமிழ் இருந்தது. இழுத்தேன். பின்பக்க மூடி திறந்துகொண்டது. ஃபிலிம் இருந்தது. பழுப்பு நிறத்தில், பளபளப்பாக, ஒன்றின்மேல் ஒன்றாகச் சுற்றி, நாலு மணி வெயிலில் மிக நன்றாகத் தெரிந்தது. ஒன்றுதானா என்று குனிந்து பார்த்தேன். ஒன்றுதான். டிக் போட்டேன். தேதியும் போட்டேன்.

சுந்தரம் முகத்தில் தண்ணீர் சொட்டச் சொட்ட ஓடி வந்து மூடியை அறைந்து சாத்தினார்.

"இன்னா சார் பாத்தீங்க?"

"ஃபிலிம் இருக்கான்னு."

"இருந்துச்சி சார்," என்று சொல்லிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

வெளிச்சம் பட்டால் எடுத்த படமெல்லாம் அழிந்துவிடும் என்பது என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது. விஷயம் பரவியது. உதவிப் பொறியாளர் வந்து படிவத்தை வாங்கி, நான்கு டிக்கையும் நிதானமாகப் பார்த்தார்.

"உள்ள இருக்கான்னு சந்தேகம்னா என்னைக் கேட்டிருக்கலாமேய்யா. நான் சர்டிஃபிகேட் குடுத்திருப்பேன்."

 பொன்னுசாமி எங்கிருந்தோ ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். ஓய்வு பெற மூன்று வாரம் இருக்கிற மனிதர், தன் பென்ஷனை வெயிலில் காட்டியவனுக்குத் தண்ணீர் கொடுத்தார். நான் ஒரு குட்டைச் சுவரில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

4. இரண்டு ஜன்னல்

பூங்காவின் வெளிவாசல் அருகே ஒரு பலகை விமானம் இருந்தது. பொருட்காட்சிகளில் வருமே, அந்த மாதிரி. பலகையில் விமானமும் மேகங்களும் வரைந்து, ஜன்னல் இருக்கும் இடத்தில் ஓட்டை விட்டிருப்பார்கள். பின்னால் பெஞ்சின்மேல் ஏறி நின்று ஓட்டையில் முகத்தை வைத்தால் பூங்காவின் போட்டோக்காரர் எடுப்பார். முகவரி எழுதிக் கொடுத்தால் படம் தபாலில் வரும். நாள் முழுக்க அதை நான்கு முறை கடந்து போயிருந்தேன். அதற்கு விலைப்புள்ளி கேட்க எனக்குத் தோன்றவில்லை.

பஸ்ஸுக்கு எல்லோரும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். பச்சையம்மாள் சுந்தரத்திடம் வந்து, அந்த ஐயா ஏன் அப்படி உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்டார். சுந்தரத்துக்கு இனி மறைக்க என்ன இருக்கிறது? பென்ஷன், சதுரம், கேமரா, டிக் எல்லாவற்றையும் சொன்னார். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இரக்கமா, இப்படியும் ஒருவன் இருப்பானா என்ற ஆச்சரியமா, எனக்குத் தெரியவில்லை. பிறகு நேரே நடந்து போய்ப் பலகைக்குப் பின்னால் பெஞ்சின்மேல் ஏறினார். விமானி ஜன்னலில் அவர் முகம் வந்தது. போட்டோக்காரரைப் பார்த்து, ஆனால் நன்றாக உரக்க, சொன்னார்:

"பின்னாடி ஜன்னலு காலியா கீது. ஏறுறவங்க ஏறலாம்னு சொல்லு."

போட்டோக்காரருக்குப் புரியவில்லை. பொன்னுசாமிக்குப் புரிந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு ஓடினார்.

நான் படிவத்தைக் கையில் பிடித்தபடி பலகையின் பக்கவாட்டில் நின்றிருந்தேன். அதனால் பின்பக்கம் எனக்கு மட்டும் தெரிந்தது. பெஞ்சுக்கு ஒரு கால் குட்டை. பொன்னுசாமி ஏறியதும் அது ஆடியது. விழப்போனவரின் சட்டையைப் பச்சையம்மாள் எட்டிப் பிடித்தார். முகத்தை ஜன்னலிலிருந்து எடுக்காமலே பிடித்தார். பெஞ்சு ஆடி நின்றது. போட்டோக்காரர் ஒன்று, இரண்டு என்று எண்ணி, எடுத்து, சரி என்று சொன்ன பிறகும் அந்தக் கை கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

5. குண்டூசி

பாய் ரோலைக் கழுவிப் பார்த்துவிட்டுத் துண்டு ஃபிலிமைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். "நல்லா இருக்கறது ஆறு மட்டும்தான் சார். அந்த ஆறும் நீங்க எடுக்காதது."  பெட்டிக் கேமரா என்ற சொல்லையே அவர் எடுக்கவில்லை. அவர் பெருந்தன்மையை அன்று என்னால் தாங்க முடியவில்லை.

பத்து நாளில் தபாலில் படம் வந்தது. மேகங்களுக்கு நடுவே விமானம். முன் ஜன்னலில் பச்சையம்மாள், நேராகப் பார்த்தபடி. பின் ஜன்னலில் பொன்னுசாமி, விமானம் எங்கே போகிறது என்று தெரியாத பயணியைப் போல. இரண்டு முகமும் தெளிவு. சேர்ந்திருக்கும் படம் வேண்டும் என்றுதான் விதி சொல்கிறது. எதில் சேர்ந்திருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனாலும் எனக்குப் பயம். இரண்டு பக்கத்துக்கு விளக்கக் குறிப்பு எழுதினேன். படத்தில் காணும் விமானம் மரப்பலகையால் ஆனது. மேற்படி ஊழியர் முன் அனுமதியின்றி வான்வழிப் பயணம் எதுவும் மேற்கொள்ளவில்லை. இப்பயணத்துக்குப் பயணப்படி கோரப்படவில்லை, இனியும் கோரப்படாது. இப்படி ஏழு பத்தி. உதவிப் பொறியாளர் கையெழுத்துப் போடும்போது, எந்த உயரத்தில் பறந்தது என்பதையும் சேர்க்கலாமே என்றார்.

ஒரே வாரத்தில் கோப்பு திரும்பி வந்தது. என் பணிக்காலத்தில் முதல் முறை. பிரித்தேன். ஒரே ஒரு குறைதான் எழுதியிருந்தார்கள். புகைப்படம் ஒட்டப்படவில்லை, குண்டூசியால் குத்தப்பட்டுள்ளது, ஒட்டி அனுப்பவும். விமானத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஏழு பத்தி எழுதத் தெரிந்தவனுக்குப் பசை தடவத் தோன்றவில்லை.

ஒட்டி அனுப்பினேன். மாதக் கடைசியில் பொன்னுசாமி பட்டையைக் கழற்றி என்னிடம் ஒப்படைத்தார். சரிபார்க்காமல் வாங்கி வைத்துக்கொண்டேன்.

நான்கு வருடம் கழித்து அவர் காலமானார். அதற்குள் எங்கள் ஊரே மாவட்டத் தலைநகரம் ஆகிவிட்டிருந்தது. பச்சையம்மாள் ஒரு மஞ்சள் பையோடு என்னைத் தேடி வந்தார். விண்ணப்பம் எழுதி, நானே அவரைக் கருவூலத்துக்கு அழைத்துப்போனேன். அங்கே எழுத்தர் ஆவணத்தைப் பிரித்தார். படத்தைப் பார்த்தார், எதிரில் நின்ற பெண்மணியைப் பார்த்தார். "பைலட்டம்மாவா?" என்று கேட்டுவிட்டு முத்திரையை எடுத்தார். சாட்சியா, வேறு சான்றா, எதுவும் கேட்கவில்லை. அதைவிட வேகமான அடையாளச் சரிபார்ப்பை நான் பார்த்ததில்லை.

வெளியே மர நிழலில் பஸ்ஸுக்காக நின்றோம். பேச வேண்டுமே என்பதற்காகக் வேர்க்கடலை விளைச்சல் எப்படி, கிணற்றில் தண்ணீர் எப்படி என்று விசாரித்தேன். ஆடு எப்படி இருக்கிறது என்றும் கேட்டுவிட்டேன்.

"அதயாங்கய்யா? அத அப்பவே வித்துட்டோம். அந்த ஏரோப்ளான் ஏறின வருசமே."

வித்துட்டேன் என்று சொல்லவில்லை.

இளைஞர்களுக்குச் சொல்ல வந்தது இதுதான். எதையும் சரிபார்க்காமல் ஒப்பமிடாதீர்கள், அதில் மாற்றமில்லை. ஆனால் திறந்தால் கெட்டுப்போகிற பொருள்களும் உண்டு. அவற்றை வெளியிலிருந்து பார்த்தே ஏற்றுக்கொள்ள வேண்டும். எந்தக் கையேட்டிலும் இது இல்லை. எனக்கு இதைத் தெரிந்துகொள்ள முப்பது படம் செலவாயிற்று.

பதினோரு வருடம் ஏன் பேசவில்லை, ஆட்டை விற்ற அன்று முதலில் யார் பேசினார்கள், என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்க வேண்டும்போல் இருந்தது. அலுவலகமே கேட்க நினைத்து முடியாமல் போன கேள்விகள். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். வாயைத் திறந்தும்விட்டேன். கேமராவின் அந்தச் சிறிய குமிழில் விரலை வைத்திருப்பதுபோல இருந்தது.

விரலை எடுத்துக்கொண்டு, பஸ் வருகிறதா என்று பார்த்தேன்.